ஒன்பதில் ஒரு பங்கு

திருத்துறைப்பூண்டியில் எங்கள் மாடி ஜன்னல்
இரவு பத்து மணிவரை நீலமாக எரியும்.
கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு
ஏதோ ஆஸ்பத்திரி விளக்கு என்று போய்விடுகிறார்கள்.
பாதி சரி.
பகலெல்லாம் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில்
ஊரார் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவள் நான்.
ராத்திரியில், நாலடிக் கண்ணாடிக்குள் இருக்கிற கடலுக்குச்
சுண்ணாம்பு போதுமா என்று பார்க்கிறேன்.
பதினேழு துளிவரை இளஞ்சிவப்பு.
பதினெட்டில் நீலம்.
போதும்.

முதல் துண்டு கொளத்தூரிலிருந்து வந்தது,
ஆம்னி பஸ்ஸில், தெர்மாக்கோல் பெட்டியில்,
யாருடையதோ சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு அடியில்.
ஒரு ரூபாய் நாணயத்தளவு கல்.
அதில் ஏழு மொட்டு. ஏழும் வாய் மூடி.
மூன்று நாள் அசையவில்லை.
நாலாம் நாள் லீவு போட்டேன்.
பதினொரு மணிக்கு ஒன்று மட்டும் திறந்தது:
நடுவில் வாழைக்குருத்துப் பச்சை,
சுற்றிலும் சின்னப் பாவாடை விரித்தாற்போல் ஆரஞ்சு.
ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன்.

இப்போது நூற்று நாற்பதுக்கு மேல்.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் பாசி குடியிருக்கிறது.
வெளிச்சத்தைச் சமைத்து வாடகை கட்டுகிறது.
சூடு ஏறினால் குடித்தனக்காரன் காலி செய்வான்,
வீடு வெளுத்துப்போகும்.
தண்ணீர் ரொம்பச் சுத்தமானாலும் வெளிறும்,
கொஞ்சம் அழுக்கு வேண்டும்.
இது புரிய ஒரு வருஷமும்
பதினோராயிரம் ரூபாயும் ஆயிற்று.
சித்திரையில் வீட்டு மின்விசிறி தண்ணீருக்கு.
எனக்கு விசிறிமட்டை.

சௌரிராஜன் வந்தது போன மாசியில்.
கடைமடைக்காரர்.
ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவள்
தண்ணியும் பார்ப்பாளாமே என்று கேள்விப்பட்டு
பழைய சர்பத் பாட்டிலில்
போர் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.
தொட்டிக்கு உப்புப் பார்க்கிற குழலையே எடுத்து
ஒரு துளி வைத்து ஜன்னல் பக்கம் உயர்த்தினேன்.
என் தொட்டிக்கு முப்பத்தைந்தில் நிற்கும் கோடு
அவருக்கு நாலில் நின்றது.

"இதுல எவ்வளவு கடல்?" என்றார்.
எந்த டாக்டரும் என்னிடம்
இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.
"ஒன்பதுல ஒரு பங்கு."

தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.
அவர் நிழல் விழுந்து இரண்டு மொட்டு மூடிக்கொண்டன.
"நீங்க காசு குடுத்து உப்பு வாங்கிக் கலக்குறீங்க,
எனக்கு சும்மாவே வருது."
குத்தலாகச் சொல்லவில்லை.
விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.
பிறகு கேட்டார்:
"இதுக்கு மேட்டூர் தண்ணி வேணாம்ல?"
வேண்டாம் என்றேன்.
டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதுவரை வாரம் இருபது லிட்டர் பழைய தண்ணீரைக்
குளியலறையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.
குளியலறைக்கு அடுத்தது சாக்கடை,
சாக்கடைக்கு அடுத்தது வாய்க்கால்.
வாய்க்காலுக்குப் பெயர் உண்டு.
அவர் வரப்பு வழியாகத்தான் அது போகிறது.

இப்போது மொட்டைமாடியில் தட்டுகளில் ஊற்றுகிறேன்.
நாலைந்து நாள் வெயிலில் வெள்ளை மட்டும் மிஞ்சும்,
ஒரு பாய் அகலத்துக்கு வேதாரண்யம்.
ஐப்பசி பிறந்ததும் வானம் இருட்டும்போதெல்லாம்
வடகம் போட்டவள் மாதிரி மாடிக்கு ஓடினேன்.
சுரண்டிச் சுரண்டி யூரியா சாக்கில் கட்டியதில்
அரைச் சாக்கு சேர்ந்துவிட்டது.
எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.
என் வீட்டுக்காரர் சாக்கைத் தாண்டித் தாண்டி
துணி காயப்போடுகிறார், கேட்பதில்லை.

நேற்று கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்
அதே சர்பத் பாட்டிலை.
மழை பெய்ததே, குறைந்திருக்குமா என்று போனிலும் கேட்டார்.
"பார்த்துச் சொல்றேன்."

பாட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.
நீல வெளிச்சம் அதற்குள்ளும் விழுகிறது.
எதிரே நூற்று நாற்பதும்
பாவாடையை ஒடுக்கித் தூங்கப் போகின்றன.
குழலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
துளி இன்னும் எடுக்கவில்லை.